கவிழ்க்காத குடம்

எனக்கு எதையும் சட்டென்று நம்பத் தெரியாது. பால்காரர் "இன்னிக்குப் பால் நல்லா இருக்குதும்மா" என்றால், அப்படியானால் நேற்று என்னத்தை ஊற்றினார் என்றுதான் தோன்றும். பிறவிக் குணம் என்பார் என் வீட்டுக்காரர். பாதி அதுதான். மீதி, பிழைப்பு கொடுத்தது. திண்டிவனத்தில் ஒரு டைப்பிங் கடையில் வேலை செய்கிறேன். பெரும்பாலும் மனு அடிப்பதுதான் வேலை. பட்டா கேட்டு, ஓய்வூதியம் கேட்டு, சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு வருகிறவர்கள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஒரே நிலத்துக்கு அண்ணன் காலையில் வந்து ஒரு மனு, தம்பி மாலையில் வந்து ஒரு மனு. இரண்டு பேரும் என் முன்னால் அழுதார்கள். இரண்டு பேர் கண்ணீரும் எனக்கு நிஜமாகத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் யார் அழுதாலும் "தேதி என்ன போடணும்ங்க?" என்று கேட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

ஊர், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில். பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். பெயர் வேண்டாம், நடந்ததே போதும். மாதா கோயிலுக்குப் பின்னால் எங்கள் தெரு. கிறிஸ்தவக் குடும்பங்கள் பாதி, ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற குடும்பங்கள் பாதி. எதிர்வீட்டில் இருப்பவளை நான் அக்கா என்பேன். ரத்த சொந்தம் இல்லை. ஆனால் என் வீட்டுச் சாவி அவள் வீட்டு ஆணியில்தான் தொங்கும். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கப் போய், கரும்பு வெட்டப் போய், ஒற்றை ஆளாக மகளைப் படிக்க வைத்து வளவனூரில் கட்டிக் கொடுத்தவள்.

போனில் எது வந்தாலும் அக்கா அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவாள். ஒரு தலைவர் குடிசையில் உட்கார்ந்து கூழ் குடிக்கிற படம், நாளை முதல் ரேஷன் கிடையாது என்ற அறிவிப்பு, மனிதக் குரலில் பேசுகிற ஆடு, எல்லாம் வரும்.

"இது நெஜமா பாரும்மா."

நான் பாதி பார்த்ததுமே சொல்லிவிடுவேன். "நம்பாதக்கா. கம்ப்யூட்டர்ல எதை வேணாலும் பண்ணலாம்."

"அப்போ ஆடு பேசலியா?" என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்பாள். தெருவில் மற்றவர்களிடம் போய், "எதிர்வூட்டுப் பொண்ணு பொய்யின்னு சொல்லிட்டுது, யாரும் அனுப்பாதீங்க" என்பாள். எனக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமை உண்டு.

அந்தக் கோடையில் எங்கள் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் எரிந்துபோனது. வயல்வெளியில் யாராவது பம்புசெட் போட்டால் தண்ணீர், இல்லையென்றால் இல்லை. நானே மனு அடித்தேன். நானே இரண்டு திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்று கொடுத்தேன். ஊருக்கெல்லாம் மனு அடிக்கிறவள் தனக்கே அடித்துக்கொண்டால் கூடுதலாக வேலை நடக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. நடவடிக்கை எடுக்கப்படும் என்று போனில் செய்தி வந்தது. ஊராட்சித் தலைவரைக் கேட்டால், "எஸ்டிமேட் மேல போயிருக்குதும்மா" என்றார். மேலே போனது கீழே வருவதாகத் தெரியவில்லை.

எங்களுக்கெல்லாம் அது தண்ணீர்க் கஷ்டம். அக்காவுக்கு அதைவிடப் பெரியது. வளவனூர் மகளுக்கு எட்டாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வந்து, குடம் தூக்கிக்கொண்டு வயல் வயலாகப் போக முடியுமா? "தண்ணி வந்ததும் கூட்டிக்கினு வந்துடறேன் சம்பந்தி" என்று சம்பந்தியம்மாவிடம் அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாவோ, செலவுக்குப் பயந்து இவள் சாக்குச் சொல்கிறாள் என்று உறவுக்காரர்களிடம் பேச ஆரம்பித்திருந்தார். அந்தப் பேச்சு வளவனூரிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த வேகத்தில் தண்ணீர் வந்திருந்தால் பிரச்சினையே இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் கூடிப் பேசினோம். மறியல் செய்வதென்று முடிவானது. போலீசுக்குச் சொல்ல வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. டிவிக்கு யார் சொல்வது என்றுதான் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் எந்த மறியலுக்கும் முதல் வேலை அதுதான். டிவியில் வராவிட்டால், மறியல் செய்தவர்களுக்கே அது நடந்ததா என்று சந்தேகம் வந்துவிடும்.

எங்கள் கடைக்கு பிரிண்ட் எடுக்க வரும் ஒரு செய்தியாளரை எனக்குத் தெரியும். முப்பது வயதிருக்கும். ஒரு சின்ன சேனலுக்குப் பகுதிநேரமாகச் செய்தி கொடுப்பவர். கேமரா எல்லாம் இல்லை. போனில்தான் எடுப்பார். சேனல் பெயர் போட்ட மைக் ஒன்று மட்டும் பைக் பெட்டியில் இருக்கும். கூப்பிட்டுச் சொன்னேன். கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பதுபோல விவரம் சொன்னார்.

"பிளாஸ்டிக் குடமா எடுத்துக்கினு வாங்கக்கா, கலர் கலரா. எவர்சில்வர் வாணாம், வெயில்ல கண்ணு கூசும். முக்கியமா, நான் வர்ற வரைக்கும் முடிச்சிடாதீங்க."

எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. தண்ணீர் இல்லாத குடத்துக்குக் கலர் என்ன வேண்டிக்கிடக்கிறது? ஆனாலும் தெருவில் சொன்னேன். எவர்சில்வர் குடக்காரிகள் பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் குடம் இரவல் வாங்கினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை டவுன் பஸ் வரும் ரோட்டில், பூவரசு மரத்தடியில் உட்கார்ந்தோம். குடங்களை வரிசையாக வைத்தோம். பஸ் வந்து நின்றது. டிரைவர் எங்களைத் திட்டவில்லை, இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார். பஸ்ஸில் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் இருந்ததாலோ என்னவோ, அதிகாரிகள் நாங்கள் நினைத்ததைவிட ஜல்தியாக வந்துவிட்டார்கள். போலீஸ் ஒரு ஜீப், ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, பின்னாலேயே தண்ணீர் லாரி. அந்த அதிகாரி பஸ்ஸில் இருந்தவர்கள் காதிலும் விழுகிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: "இந்த வாரத்துக்குள்ள மோட்டார் மாட்டிடுவோம். அதுவரைக்கும் தினம் லாரி வரும்." அவ்வளவுதான், மறியல் முடிந்தது. பஸ் போய்விட்டது. ஜீப்பும் போய்விட்டது. நாங்கள் லாரியில் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தோம். தளும்பாமல் இருக்க நான் குடத்து வாயில் துண்டைச் சுருட்டி அடைத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் செய்தியாளர் வந்தார். பெரிய ரோட்டில் ஒரு லாரி கவிழ்ந்து, அங்கே மாட்டிக்கொண்டாராம். நிரம்பிய குடங்களைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"இன்னாக்கா, முடிச்சிட்டீங்களா? குடத்துல தண்ணி இருந்தா அது நியூசே இல்லக்கா. ஒரே ஒரு நிமிஷம். கவுத்துக் காட்டுங்க. லாரியிலதான் இன்னும் இருக்குதே, அப்பால பிடிச்சிக்கலாம்."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்காதான் முதலில் பேசினாள். "அந்த ஆபீசரு ரோட்டுல நின்னு சொன்னதுக்கு யாரு சாட்சி? பஸ்சு போயிட்டுது. நாளைக்கு இல்லன்னு சொன்னா இன்னா பண்ணுவ? டிவியில வந்துட்டா மாத்த முடியாது. எம் பொண்ணு வரணும்."

அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. மனுவில் நம்பிக்கை இல்லை, வாய்ச்சொல்லில் நம்பிக்கை இல்லை, டிவியில்தான் மிச்சம் இருந்தது. ஆனால் எனக்கு அந்த மைக்கைப் பிடிக்கவில்லை.

"நான் கவுக்க மாட்டேன்க்கா. எனக்கு என்னமோ சரியாப் படல."

"உனக்கு எப்பதான் சரியாப் பட்டுது?" என்று சிரித்துக்கொண்டே அக்கா தன் குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணீர் பூவரசு வேருக்கு ஓடியது. மற்றவர்களும் கவிழ்த்தார்கள். வெயிலில் சுட்ட காலில் சில்லென்று தண்ணீர் பட்டதும் ஒருத்தி கூச்சல் போட்டாள், எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்காதீங்கக்கா, சோகமா, சோகமா!" என்று அவர் கத்தக் கத்த அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் ஒருவழியாக முகத்தைச் சரிசெய்துகொண்டு, காலிக் குடத்தோடு மைக் முன்னால் நின்று நன்றாகப் பேசினாள். "தலைப்பிரசவத்துக்கு எம் பொண்ணைக் கூட்டிக்கினு வர முடியலிங்க" என்றபோது அவள் குரல் நிஜமாகவே உடைந்தது. நான் என் குடத்தோடு ஓரமாக நின்றேன். அதற்கப்புறம் எல்லோரும் திரும்ப நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

சாயங்காலம் அக்கா வீட்டில் தெருவே கூடி அந்தச் சேனலைப் பார்த்தது. எங்கள் ஊர் வரவில்லை. அதற்குள் ஒருத்தி போனை நீட்டினாள். பெண்கள் சிரிக்கிறார்கள், குடம் குடமாகத் தண்ணீரைக் கவிழ்க்கிறார்கள். பின்னால் ஒரு கேலிப் பாட்டு. மேலே எழுத்து: தண்ணீர் கேட்டு மறியல், வந்த தண்ணீரை ரோட்டில் கொட்டிய பெண்கள்! எந்தச் சேனலின் பெயரும் அதில் இல்லை. யார் எடுத்தது என்றும் தெரியவில்லை. சற்று நேரத்தில் வேறொரு பெரிய சேனலே அதைப் போட்டுவிட்டது. நடுவில் அக்கா, வாயெல்லாம் பல்லாக.

வளவனூரிலிருந்து போன் வந்தது. சம்பந்தியம்மா பேசியது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "ரோட்டுல ஊத்தற அளவுக்குத் தண்ணி இருக்குது. எங்க வூட்டுப் பொண்ணுக்குத்தான் இல்லியா? நீங்க ஒண்ணும் கூட்டிக்கினு போக வாணாம்." அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், அதற்குள் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் லாரி வரவில்லை. ஒன்றிய அலுவலகத்தில் மோட்டாரைப் பற்றிக் கேட்டால், "மேலிடத்துல எல்லாரும் வீடியோவைப் பாத்துட்டாங்க. இப்ப வந்து அவசரம்னு எப்படி எழுதறது? கொஞ்சம் ஆறட்டும்" என்றார்கள்.

பிறகு தெருவில் ஆரம்பித்தது. எடுத்தது யார்? செய்தியாளரைப் போனில் கேட்டேன். "எனக்குத் தெரியாதுக்கா, என் நியூசே போகல" என்று வைத்துவிட்டார். ஊராட்சித் தலைவர் வகையறாவாக இருக்கும் என்றார்கள். அங்கே அவர்கள் யாரும் இல்லையே என்றார்கள். லாரிக்காரனா என்றார்கள். அவன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஒவ்வொரு பெயராகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம் இருந்தது. என் மேல் மற்றவர்களுக்கு வரும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா ஒருநாள் என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"நீ மட்டும் ஏன் கவுக்கல?"

"அன்னிக்கே சொன்னேனேக்கா, சரியாப் படலன்னு."

"அந்த வீடியோவுல தெரு மொத்தமும் இருக்குது. நீ மட்டும் இல்ல. எடுக்கிற ஆளு எப்படி உள்ள தெரியும்? அந்த டிவிக்காரனைக் கூட்டினது நீ. கம்ப்யூட்டர்ல குந்திக்கினு வேலை பாக்குறது நீ. பாட்டு போடறது, எழுத்து போடறது எல்லாம் இந்தத் தெருவுல வேற யாருக்குத் தெரியும்?"

ஒரு கையில் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு இன்னொரு கையில் எப்படி எடுத்திருப்பேன் என்று கேட்டேன். "அது உனக்குத்தான் தெரியும்" என்றாள். ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்த என் வீட்டுச் சாவியைக் கதவோரத்தில் வைத்துவிட்டுப் போனாள். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அழுகை அதற்கப்புறம்.

கடையில் அந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வெட்டிக் குறுக்கியிருந்தார்கள். சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டைச் சேர்த்திருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று பிடிபட்டது. அக்கா லென்ஸைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள். அந்த நேரத்தில் அவள் பார்த்துச் சிரித்தது ஒரே ஆளைத்தான், சோகமா சோகமா என்று கத்தியவரை.

அடுத்த திங்கட்கிழமை விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். மனு நாளில் செய்தியாளர்கள் எல்லோரும் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில்தான் இருப்பார்கள். யாராவது மண்ணெண்ணெயோடு வருகிறார்களா என்று வாசலில் ஒரு கண் வைத்தபடி டீ குடிப்பார்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். போனில் தெரியாது என்றவர், முகத்துக்கு நேராகக் கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

"எடுத்தது நான்தான்க்கா. ஆனா பாட்டு நான் போடல, சத்தியமா. நாங்க ரிப்போர்ட்டருங்க எல்லாம் ஒரு குரூப் வச்சிருக்கோம். ஒருத்தன் போற எடத்துக்கு எல்லாரும் போக முடியாது, எடுத்ததை அப்படியே அதுல போட்டுடுவோம். அதுலருந்து யாரு எடுத்து வெட்டினான், எனக்கு இன்னா தெரியும்? உங்க அக்கா பேசினதையும் சேர்த்துத்தான் போட்டேன். அதை ஒருத்தனும் எடுத்துக்கல. சிரிப்பைத்தான் எடுத்துக்கினாங்க."

சத்தியம் செய்கிறவர்களை நான் மனுக்கடையில் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் சொன்னதில் பாதியை நம்பினேன். எந்தப் பாதி என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

"வெட்டாத வீடியோ இருக்குதா?"

இருந்தது. அங்கேயே பார்த்தேன். அகலமான படம். ஓரத்தில் நான், துண்டு அடைத்த குடத்தோடு, முதுகைக் காட்டிக்கொண்டு. முதலிலேயே அவர் குரல்: "கவுத்துக் காட்டுங்க." கடைசியில் அக்கா மகளைப் பற்றிப் பேசியது, உடைந்த குரலோடு, முழுசாக. மறுபேச்சு இல்லாமல் எனக்கு அனுப்பி வைத்தார். இவ்வளவு சுலபமாக ஏன் கொடுக்கிறார் என்று யோசிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "அடுத்த மறியல்னா எனக்குத்தான் முதல்ல போன் பண்ணணும்க்கா."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வீடியோவை நிம்மதியாகப் பார்த்தேன். அக்கா இதைப் பார்த்தால் என்னிடம் வருவாள். வளவனூருக்கு இதை அனுப்பினால் சம்பந்தியம்மா வாயடைத்துப்போவார். மகளுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பம்புசெட்டிலிருந்து நானும் சேர்ந்து தண்ணீர் தூக்கினால் போயிற்று, கூட்டி வந்துவிடலாம். இப்படியெல்லாம் எனக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

இறங்கியதும் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். போனை அவள் முன்னால் பிடித்து ஓடவிட்டேன். சலிப்பதை நிறுத்திவிட்டு முழுவதையும் பார்த்தாள். என் முதுகைப் பார்த்தாள். அந்தக் குரலைக் கேட்டாள். தான் மகளைப் பற்றிப் பேசியதையும் கேட்டாள். அப்போது கண் கலங்கியது. நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன்.

"கம்ப்யூட்டர்ல எதை வேணாலும் பண்ணலாம்," என்றாள் அக்கா. "நீதான சொல்லுவ."

மறுபடி சலிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நான் என்ன சொல்வது? இது நிஜம் என்று சொன்னால், ஒவ்வொரு பொய்யையும் அனுப்புகிறவன் அதைத்தான் சொல்கிறான். அவளுக்கு நம்பாமல் இருக்கக் கற்றுக் கொடுத்தவள் நான். எப்போது நம்பலாம் என்று கற்றுக் கொடுக்க எனக்கே தெரியாது. வீடியோவை அவளுக்கு அனுப்பிவிட்டு எழுந்து வந்தேன். அவள் அதை வளவனூருக்கு அனுப்பவில்லை.

குழந்தை வளவனூரிலேயே பிறந்தது. ஆண். பிரசவத்தின்போது பக்கத்தில் இருக்க அக்காவைக் கூப்பிடவில்லை, பிறந்த பிறகுதான் சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் ஒரு மதியம், யாரும் கேட்காமல், எந்த மைக்கும் இல்லாமல் இரண்டு பேர் வந்து மோட்டாரை மாட்டிவிட்டுப் போனார்கள். எந்த மனு, எந்த மறியல், எந்த ஆள் சொல்லி அது நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தெரு முழுவதும் குழாயில் தண்ணீர் வந்தது. அக்கா குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பிடிக்காமல், அது ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றதை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

கோபம் ஆறியதும் சம்பந்தி வீட்டார் குழந்தையின் ஞானஸ்நானத்தை எங்கள் மாதா கோயிலிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அக்கா தெருவில் வீடு வீடாகப் போய் அழைத்தாள். என் வாசலிலும் நின்று, "ஞாயித்துக்கிழமை, ரெண்டாம் பூசைக்கு அப்பால, வந்துடு" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. போகும்போது போனை வேண்டுமென்றே வீட்டில் அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன்.

ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி உறவு முழுவதும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. ஃபாதர் குழந்தையின் தலையில் தண்ணீரை ஊற்றினார். பிள்ளை வீரிட்டு அழுதது, எல்லோரும் சிரித்தார்கள். பேரனைத் துண்டால் துடைக்கும்போது அக்கா நிமிர்ந்தாள். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் முன்னால் கோத்துக் காட்டியபடி நின்றேன்.

கைகளில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும், என் தோளில் மாட்டியிருந்த பையைப் பார்த்தாள்.